சனிமூலையில் ஒரு காலி பைப்பு

போன வாரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவுங்க வர்றது எனக்காகவா, ஒயருக்காகவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாரே வீரமுத்து, அந்தக் கேள்விக்கு வீட்டில் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

லேசில் நம்புகிற ஆளில்லை. உரமூட்டையைக் கடைத் தராசில் நிறுத்து வாங்கியபிறகு வீட்டுத் தராசில் இன்னொரு முறை நிறுத்துப் பார்ப்பார். டிவியில் மழை வரும் என்றால் வைக்கோலை மூட மாட்டார். வராது என்றால் ஓடிப்போய் மூடுவார்.

வடக்கனந்தலில் பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே, மரவள்ளி போட்டிருந்த கொல்லையில் புது வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. கீழே அவரும் அம்சவள்ளியும். மேலே மாடி எழுப்பி மகன் சரத்குமார், மருமகள் ரம்யா, பேத்தி. அவர் மனசில் போட்டு வைத்திருந்த வீடு இதுதான்.

மகனும் மருமகளும் இப்போது கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். கல்யாண வீடியோ எடுத்து வெட்டி ஒட்டித் தருவது தொழில். சரத்குமார் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போவான். ரம்யா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைக் கோத்து, சென்னை, சிங்கப்பூர் என்று அனுப்புவாள். ஒரு பொங்கலுக்குப் பழைய வீட்டிலிருந்து ஒரு கல்யாணத்தை அனுப்பிப் பார்த்தாள். முதல் நாள் சாயங்காலம் ஆரம்பித்தது, மறுநாள் காபி குடிக்கும்போது மாப்பிள்ளை அழைப்போடு நின்றிருந்தது.

அதனால் ரம்யா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "புது வூட்ல நெட்டு லைன் சரியா அமைஞ்சா அடுத்த மாசமே சாமான ஏத்திக்கினு வந்துடறோம் மாமா. கீழ் போர்ஷன்லயே கூட இருந்துக்கறோம், மாடி முடியற வரைக்கும். இல்லன்னா கள்ளக்குறிச்சி வூட்டையே நீட்டிக்கிறோம்."

நீட்டுவது என்றால் எத்தனை வருஷத்துக்கு என்று வீரமுத்து கேட்கவில்லை. கேட்டால், கிழவன் ஏங்குகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு பிள்ளையும் உண்டு. மகள் ராதிகா, மலைமேல் கரியாலூரில் நர்ஸ். பார்த்த மாப்பிள்ளைகளையெல்லாம் வேண்டாமென்று தள்ளியதிலிருந்து அப்பனோடு பேச்சு இல்லை. பேசுவதெல்லாம் அம்மாவிடம்தான். அதுவும் மலையில் அவள் தங்கியிருக்கிற இடத்தில் சிக்னல் கிடைக்க ஒரு பாறைமேல் ஏற வேண்டும் என்பதால், பாதிப் பேச்சுதான் கீழே வந்து சேரும்.

இன்றைக்குத் தளம் போடுகிற நாள்.

*

வீரமுத்து மேலே ஏறிப் பார்த்தபோது கம்பி கட்டி முடிந்திருந்தது. அந்தக் கம்பிக் கூட்டுக்குள்ளே ரம்யா சுடிதாரை முழங்கால் வரை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே எலக்ட்ரீஷியன் ஜெயப்பிரகாஷ். இரண்டு பேரும் வெள்ளை பைப்புகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா இது? வூடு கட்டுங்கடான்னா கொடலு கட்டி வெச்சிருக்கீங்க?"

"வாங்க மாமா. அது கரண்டு பைப்பு. இது நெட்டு பைப்பு. ரெண்டும் ஒட்டிக்கினு போவக்கூடாது. தள்ளித்தான் போவணும்."

"ஏன், பங்காளிச் சண்டையா?"

"ஆமா மாமா. கரண்டு பக்கத்துல நின்னு கத்துனா, இது பேசறது அதுக்கே கேக்காது."

வீரமுத்து குனிந்து ஒரு பைப்பைத் தட்டிப் பார்த்தார். "ஊரே காத்துல வருதுன்னு சொல்லுது. காத்துல வர்றதுக்கு பைப்பு எதுக்கு?"

ஜெயப்பிரகாஷ் சிரித்தான். பக்கத்துத் தெருப் பையன், சின்னப் பிள்ளையிலிருந்து வீரமுத்து பார்க்க வளர்ந்தவன். "கடைசி கொஞ்ச தூரந்தான் காத்து பெரிப்பா. அது வரைக்கும் ஒயருதான். இம்மாம் கம்பியும் இம்மாம் காங்கிரீட்டும் போட்டு மூடிட்டா, கீழ இருக்கற டப்பா ஊதற காத்து மேல வராது. அதான் ரூமு ரூமுக்கு ஒயர இழுத்து, அங்கங்க ஒரு டப்பா மாட்டிடறது."

"செரி, ஒயர வெச்சுக் கட்டு. இந்த பைப்புல ஒயரே இல்லயே?"

"அது காலி பைப்பு."

"காலி பைப்புக்கா நானு காங்கிரீட்டு போட்டுக்கினு இருக்கேன்?"

ரம்யா கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "இன்னிக்கி நல்ல ஒயருன்னு நாம போடறது இன்னும் பத்து வருஷத்துல பழசாப் பூடும் மாமா. அப்ப இன்னா வரும்னு எனக்குத் தெரியாது. ஜெயப்பிரகாஷ் அண்ணனுக்கும் தெரியாது. பைப்பு இருந்துதுன்னா பழச உருவிட்டு புதுச இழுத்துக்கலாம். இல்லன்னா பாப்பா பெரிசாவும்போது செவுத்த ஒடச்சிக்கினு இருக்கணும்."

"தெரியாத ஒண்ணுக்கு எடம் வுடறதா? நானு தெரியாத ஆளுக்கு வாசல்ல கூட எடம் வுட மாட்டேன்."

"தெரியுமே" என்றாள் ரம்யா. "எங்கப்பா பொண்ணு பாக்க உங்கள முதல்ல கூப்பிட வந்தப்ப வெயில்லயே நிக்க வெச்சீங்களாமே. எங்க ஊரு தியாகதுருகத்துல இன்னும் சொல்லிக்கினு இருக்காங்க."

ஜெயப்பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். வீரமுத்து, "எலிக்கு வூடு கட்டறீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

*

பூஜை சனிமூலையில். வடகிழக்கை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எந்த வேலையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

அம்சவள்ளி மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, கம்பிக்கு, பலகைக்கு, பூச்சுக் கரணைக்கு என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். மூலையில் முழ உயரத்துக்குச் சிவப்பு மூடியோடு ஒரு பைப்பு நின்றுகொண்டிருந்தது. அதற்கும் வைத்தாள். மேஸ்திரி சின்னப்பன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, கற்பூரத்தட்டையும் தொட்டுக் கும்பிட்டார். முப்பது வருஷமாக இந்துக்களுக்கு வீடு கட்டுகிறவர், இரண்டு பக்கமும் சொல்லி வைப்பதில் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

சரத்குமார் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். சொந்த வீட்டு விசேஷத்திலும் அவன் முகம் யாருக்கும் தெரியாது. ரம்யாவும் ஜெயப்பிரகாஷும் கீழே மாடிப்படிக்கு அடியில், எல்லா பைப்பும் வந்து சேருகிற இடத்தில் ஏதோ அறைந்துகொண்டிருந்தார்கள்.

அம்சவள்ளி வெற்றிலையில் மடித்த பொட்டலத்தைப் புருஷன் கையில் கொடுத்தாள். நவதானியம், ஒரு காசு, ஒரு மஞ்சள் கிழங்கு. "மூலையில போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு மேஸ்திரிக்குக் கற்பூரம் காட்டத் திரும்பினாள்.

வீரமுத்து பார்த்தார்.

கடைக்கால் போட்ட அன்றைக்கு மூலைக்கல்லில் ஒரு குழி வைத்திருந்தார்கள். அதில் போட்டார். வாசக்கால் நிலை நிறுத்திய அன்றைக்கும் அடியில் ஒரு குழி. அதில் போட்டார். இன்றைக்கு சனிமூலையில் மஞ்சள் குங்குமத்தோடு, மூடி போட்டு, ஒரு குழாய் நிற்கிறது. வேறு எதற்கு நிற்கும்? மேஸ்திரி பரவாயில்லை, சொல்லாமலே ஏற்பாடு பண்ணியிருக்கிறாரே என்று நினைத்தார். அவர் ஒருவரை மெச்சுவது அபூர்வம். இன்றைக்கு மெச்சினார்.

மூடியைத் திருகி எடுத்தார். வெற்றிலையைக் குவித்துப் பிடித்துப் பொலபொலவென்று கொட்டினார். மஞ்சள் கிழங்கு உள்ளே போக மறுத்தது. கட்டைவிரலால் அழுத்தினார், போய்விட்டது. போட்டதைத் திறந்தாப்போலவா விடுவது? மூடியை மறுபடி போட்டு நன்றாகத் திருகிவிட்டார்.

அப்புறம் புருஷனும் பெண்டாட்டியுமாக முதல் சட்டிக் கலவையை அந்த மூலையில் கொட்டினார்கள். ஆட்கள் குலவை போட்டார்கள். கலவை மெஷின் உறுமத் தொடங்கியது. மூலையில் மரியாதை முடிந்தது, நிஜ வேலை எதிர்மூலையிலிருந்து ஆரம்பித்து இங்கே வந்து முடியும் என்றார் மேஸ்திரி.

*

தளம் போடுகிற அன்றைக்கு ஆட்களுக்குக் கறிச்சோறு போட வேண்டும். பழைய வீட்டு வாசலில் அண்டா கொதித்தது. அம்சவள்ளி வெங்காயம் உரிக்க, ரம்யாவும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தாள். வீரமுத்து மணல் குவியல்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு மேல எந்த ரூமும்மா?" என்றாள் அம்சவள்ளி.

"சனிமூலை ரூமு அத்தே. செவப்பு மூடி போட்டு ஒரு பைப்பு நிக்குது பாருங்க, நீங்ககூட மஞ்ச தடவுனீங்களே. அதான் எங்க ஆபீசு. மாடிப்படிக்கு அடியில இருக்கற டப்பாவுலருந்து நேரா அதுல வந்துடும்."

டீ வீரமுத்துவின் தொண்டையில் நின்றது. அப்புறம் மூக்கு வழியாக வந்தது.

"இன்னாங்க ஆச்சு?"

"சூடு." துண்டால் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மணலைக் கிளறினார். "ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அது அடச்சிக்கினா?"

"எது மாமா?"

"அந்த பைப்பு. எலி கிலி பூந்து."

"மூடிதான் போட்டிருக்கே. எப்பிடி அடைக்கும்?" ரம்யா உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "அடச்சிக்கினா ஒண்ணும் பண்ண முடியாது மாமா. காங்கிரீட்டுக்குள்ள போனது போனதுதான். எங்க வாடகை வூட்டு ஓனரு வேற நாளைக்குள்ள பதில் சொல்லுங்கன்னு கேட்டுக்கினு இருக்காரு, வேற ஆளு வருதாம். இன்னிக்கி இது நல்லபடியா முடிஞ்சிதுன்னா காலி பண்றோம்னு சொல்லிடப் போறேன்."

வீரமுத்து எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால்? ஒயர் இழுக்கிற அன்றைக்குப் போகாது. ஜெயப்பிரகாஷைத் திட்டுவார்கள். பைப்புக் கம்பெனியைத் திட்டுவார்கள். எலிதான் என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். முதலிலிருந்தே அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகும்.

சரி என்று ஆகி? மேலே இருட்டாக ஒரு மாடி கிடக்கும். கீழே அவரும் அம்சவள்ளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சரியாகவே உட்கார்ந்திருப்பார்கள்.

"ஏணி ஸ்ட்ராங்கா இருக்குதான்னு பாத்துட்டு வர்றேன்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

*

மேலே பாதித் தளம் முடிந்திருந்தது. ஈரக் கலவை சாம்பல் நிறத்தில் பளபளத்துக்கொண்டு சனிமூலையைப் பார்த்து நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

கம்பிமேல் பலகை போட்டு வீரமுத்து மூலைக்குப் போனார். மூடியைக் கழற்றினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். இருட்டு. வாயை வைத்து உறிஞ்சினார். ஒரு கொள்ளு மட்டும் நாக்கில் வந்து ஒட்டியது. துப்பினார். கட்டுக்கம்பியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுக் குத்தினார். மஞ்சள் கிழங்கு இன்னும் கீழே இறங்கி, வளைவில் போய் 'டொக்' என்று உட்கார்ந்துகொண்ட சத்தம் காதில் நன்றாகக் கேட்டது.

"வூட்டுக்காரரே!" சின்னப்பன் மேஸ்திரி இடுப்பில் கை வைத்து நின்றார். "இன்னாத்துக்கு பைப்பு காதுல ரகசியம் சொல்லிக்கினு இருக்கீங்க? தள்ளுங்க, கலவை வருது."

வீரமுத்து கலவையைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார். பிறகு, ஏரிக்கரையில் நின்று கத்துகிற குரலில் கத்தினார்.

"மெஷின நிறுத்துடா!"

மெஷின் நின்றது. அந்தச் சத்தம் நின்றதும் ஊரே நின்றாற்போல இருந்தது. கீழேயிருந்து அம்சவள்ளி, ரம்யா, ஜெயப்பிரகாஷ் எல்லோரும் ஏணியில் ஏறி வந்தார்கள். சரத்குமார் கேமராவோடு ஓடி வந்தான்.

"இன்னாப்பா? யாராவது வுயுந்துட்டாங்களா?"

"யாரும் வுயல. அதுல நவதானியம் கெடக்குது."

"எதுல?"

"அதுலதான்டா. உங்க ஆபீசுல."

ரம்யாவுக்குத்தான் முதலில் விளங்கியது. கையிலிருந்த வெங்காயம் கீழே விழுந்தது. "மூடி போட்டிருந்துதே மாமா!"

"கழட்டிட்டுப் போட்டேன். போட்டுட்டு மூடிட்டேன். மேஸ்திரி அதுக்காக வெச்சதுன்னு நெனச்சேன். போதுமா?"

"நானா?" என்றார் சின்னப்பன், நெஞ்சைத் தொட்டு.

சரத்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். "எந்த வூட்லயாவது இன்டர்நெட்டுக்கு நவதானியம் போடுவாங்களாப்பா?"

"மஞ்ச தடவி வெச்சிருந்தா இன்னாத்த கண்டேன்? உங்கம்மாவக் கேளு."

அம்சவள்ளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தார்கள். தோள் குலுங்கிய பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

ரம்யா சிரிக்கவில்லை. பைப்புப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். இப்போது மூடி என்ன பிரயோஜனம்? ஆனாலும் மூடிக்கொண்டாள். வீரமுத்துவால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

"கலந்தது இறுகிப் பூடும்" என்றார் மேஸ்திரி. "டீ குடிக்கற நேரம் நிறுத்தறேன். அதுக்கு மேல போனா ஒட்டு நிக்காது, மழைக்கு ஒழுவும். நானு பேரக் கெடுத்துக்க முடியாது."

ஜெயப்பிரகாஷ் கீழே ஓடி, ஒயர் இழுக்கிற ஸ்பிரிங்கை மாடிப்படிக்கு அடியிலிருந்து உள்ளே விட்டான். சரசரவென்று போனது, வளைவில் நின்றுவிட்டது. இடித்தான். "குத்தக் குத்த கெட்டியாவுது!" என்று கீழேயிருந்து கத்தினான்.

"அந்த வளைவ வெட்டிட்டு வேற போடேன்" என்றான் சரத்குமார்.

"சாதா வளைவு இல்ல அது. ஒயரு மடங்காம திரும்பணும்னு பெரிசா கேட்டு, கள்ளக்குறிச்சில சொல்லி வெச்சு வாங்கியாந்தது. போய்ட்டு வர்றதுக்குள்ள காங்கிரீட்டு கல்லாயிடும்" என்றது கீழேயிருந்து ஜெயப்பிரகாஷின் குரல்.

"தண்ணி ஊத்தலாமே?" என்றாள் அம்சவள்ளி.

"ஊத்துனா ஊறிக்கும் அத்தே. மூணா நாளு என் ஆபீசுல பச்சப்பயிறு மொளைக்கும்." ரம்யா குரல் உடைந்தும் உடையாமலும் இருந்தது. "தண்ணி வேணாம். காத்து வேணும். கீழருந்து பலமா ஊதணும். பஞ்சர் கடை மெஷினு மாதிரி ஏதாவது..."

"காத்துதானே?" என்றார் வீரமுத்து.

யார் பதிலுக்கும் காத்திருக்காமல் ஏணியில் இறங்கினார். அந்த வயதில் அவர் அப்படி இறங்கி யாரும் பார்த்ததில்லை.

*

பழைய வீட்டுக் கொட்டகையில் மருந்தடிக்கிற மெஷின் மாட்டியிருந்தது. முதுகில் மாட்டிக்கொண்டு இழுத்து ஸ்டார்ட் பண்ணினால், யானைத் தும்பிக்கை மாதிரிக் குழாய் வழியாக மருந்தைப் புகையாக ஊதும். மருந்து ஊற்றாவிட்டால் வெறும் காற்று. பருத்திச் செடியே படுத்துவிடும்.

முதுகில் மாட்டிக்கொண்டு வந்து மாடிப்படிக்கு அடியில் நுழைந்தார். ஜெயப்பிரகாஷ் ஸ்பிரிங்கை உருவிக்கொண்டு ஒதுங்கினான். வீரமுத்து தோள் துண்டை எடுத்தார். போன வாரம் உதறிப் போட்டாரே, அதே துண்டு. அதைத் தும்பிக்கைக்கும் பைப்புக்கும் நடுவில் சந்து இல்லாமல் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இழுடா கயித்த!"

மெஷின் அலறியது. அந்தச் சின்ன இடத்துக்குள் காது கிழிந்தது. காற்று உள்ளே போய் முட்டி, போக வழியில்லாமல் அவர் கையையே திருப்பித் தள்ளியது. துண்டு புடைத்துக்கொண்டது. அவர் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "போ, போ, போய்த் தொலை" என்று அந்த மஞ்சள் கிழங்கைத் திட்டிக்கொண்டே அழுத்தினார்.

திடீரென்று கை லேசானது.

மேலே 'பட்' என்று ஒரு சத்தம். உடனே ஒரே கூச்சல். பெண்கள் கத்துகிறார்கள், ஆண்கள் கத்துகிறார்கள். போச்சு, யாருக்கோ கண்ணில் பட்டுவிட்டது என்று வீரமுத்து சட்டென்று மெஷினை அணைத்தார். காதுக்குள் ரீங்காரம். மேலே நடப்பது ஒன்றும் விளங்கவில்லை. துண்டை அவிழ்த்தார்.

அப்போது பைப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, அவ்வளவு தெளிவாக.

"மாமா! வந்துடிச்சி மாமா!"

வீரமுத்து பைப்பை உற்றுப் பார்த்தார். அதில் வாயை வைத்தார். "இன்னொரு தபா சொல்லு."

"வந்துடிச்சி! எல்லாம் வந்துடிச்சி! மஞ்சக் கெழங்கு மேஸ்திரி தொப்பில பட்டுது. அவரு தலையெல்லாம் பச்சப்பயிறு. வூட்டுக்காரரு நமக்கெல்லாம் அட்சத போட்டுட்டாருன்னு ஆளுங்க சிரிச்சிக்கினு இருக்காங்க!"

"காசு?"

"காசும் வந்துடிச்சி. அத்தே எடுத்து கலவையில போட்டுட்டாங்க, போவ வேண்டிய எடத்துக்கு. இவரு எல்லாத்தையும் வீடியோ எடுத்துட்டாரு. லைன் வந்ததும் இதுல முதல்ல அனுப்பப் போறது இதத்தானாம்."

"அனுப்பட்டும், அனுப்பட்டும்" என்றார் வீரமுத்து. முதுகு மெஷினோடு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஜெயப்பிரகாஷ் ஸ்பிரிங்கை விடப் போகிறேன் என்று சைகை காட்டினான். கொஞ்சம் பொறு என்று அவர் கையை ஆட்டினார்.

குரல் கொஞ்சம் தணிந்து மறுபடி வந்தது. "மாமா, அன்னிக்கி ஒண்ணு கேட்டீங்களே."

"இன்னா கேட்டேன்?" தெரியாதவர் மாதிரிக் கேட்டார்.

"ஒயருக்காகவான்னு. ஒயருக்காகன்னா கள்ளக்குறிச்சிலயே இருந்துட மாட்டனா மாமா? அங்க லைனு நல்லாதான் இருக்கு. இங்க வரணும்னுதான இவ்ளோ பாடு."

வீரமுத்து இதை நிறுத்துப் பார்க்க நினைத்தார். எந்தப் பக்கத்தில் வைத்து நிறுத்தாலும் எடை குறையவில்லை.

"கத்தாத" என்றார் பைப்புக்குள். "காது வலிக்குது. ஓனருக்கு போன் பண்ணி காலி பண்றோம்னு சொல்லிடு."

*

ஜெயப்பிரகாஷின் ஸ்பிரிங் இந்த முறை தடங்கல் இல்லாமல் மேலே போய்த் தலை நீட்டியது. கலவை மெஷின் மறுபடி உறுமியது. வீரமுத்து முதுகு மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் துண்டைத் தேடியபோது, சட்டைப் பையில் போன் அடித்தது.

ராதிகா.

அவளுக்கு அவர் நம்பர் இன்னும் ஞாபகம் இருக்கிறதா? எடுத்துக் காதில் வைத்தார். ஒரே காற்றுச் சத்தம். பாறைமேல் ஏறி நின்றிருக்கிறாள்.

"அப்பா... அப்பா, கேக்குதா? ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வர்றேன்... கூட ஒருத்தர..."

"யார?"

"...உங்கள்ட்டதான் முதல்ல... அம்மாகிட்ட சொல்லாதீ..."

நின்றுவிட்டது. திருப்பி அடித்தார். கிடைக்கவில்லை. இன்னொரு முறை அடித்தார். ஒரு பெண் குரல் பொறுமையாக, தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

மலைக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் ஊதி எடுக்க வழியில்லாமல் எங்கேயோ அடைத்துக்கொண்டு கிடக்கிறது, மிச்சப் பேச்சு.

பிறகு போனைக் கையில் பிடித்தபடியே மேலே ஏறினார். கலவை சனிமூலையை நெருங்கிவிட்டது. மூலை ரூமுக்குப் பக்கத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்குவதற்கென்று விட்டிருந்த சின்ன ரூம் பக்கம் மட்டும் கம்பி இன்னும் வெளியே தெரிந்தது.

"ஜெயப்பிரகாஷு, பைப்பு மிச்சம் இருக்குதா?"

"ஒரு நீளம் இருக்குது பெரிப்பா. ஏன்?"

"இந்தச் சின்ன ரூமுக்கும் ஒண்ணு வுடு. சீக்கிரம். மேஸ்திரி, ஒரு நிமிசம் கைய நிறுத்துங்க."

"மறுபடியுமா?" என்றார் சின்னப்பன். தொப்பியைக் கழற்றி ஒரு முறை தட்டினார். இரண்டு பயறு விழுந்தன.

ரம்யா வியப்போடு பார்த்தாள். "அது மூட்டை போடற ரூமுன்னீங்களே மாமா? யாருக்கு?"

"யாரோ வர்றாங்க."

"யாரு மாமா?"

"யாருன்னு தெரிஞ்சா ஒயரே வுட்டுட மாட்டனா? தெரியலன்னுதான காலி பைப்பு வுடச் சொல்றேன்."

ஜெயப்பிரகாஷ் ஓடி ஓடிக் கட்டினான். பைப்பின் தலை சின்ன ரூம் மூலையில் எழுந்து நின்றதும் வீரமுத்து தானே சிவப்பு மூடியை வாங்கிப் போட்டு, இறுகியிருக்கிறதா என்று இரண்டு முறை திருகிப் பார்த்தார். எதிரே அம்சவள்ளி மஞ்சள் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"அம்சா, இதுல மட்டும் மஞ்ச தடவாத."

"தடவல. யாருங்க வர்றாங்க?" கிண்ணத்தைக் கீழே வைக்காமலே புருஷன் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிற முகம். "போன்ல யாரு பேசுனா?"

வீரமுத்து முதல் சட்டிக் கலவையைத் தானே வாங்கி, அந்த பைப்பின் காலடியில் கொட்டினார்.